சீசனுக்கு முன்னால், காலை ஆறரை மணிக்கு

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் ஆடும் நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சி பயிற்சி செய்வதைப் பார்க்க மாமாவும் நானும் பெரம்பூரிலிருந்து காலை ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிட்டோம். சென்ட்ரல், பீச் ரோடு, அடையார், டைடல் பார்க் சிக்னல், அப்புறம் ஓஎம்ஆர். அந்த நேரத்தில்தான் இந்த ஊரை முக்கால் மணி நேரத்தில் குறுக்கே கடக்க முடியும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எண்பதுகளில் சென்னை லீக்கில் ஓர் அலுவலக அணிக்கு லெஃப்ட் பேக் ஆடியவர், இப்போது வயது அறுபத்து மூன்று. முட்டி தேய்ந்துபோனதால் பின்சீட்டில் உட்கார்ந்தால் வழியில் இரண்டு முறையாவது இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் "வர்றீங்களா?" என்று கேட்டதும் முதல் நாள் ராத்திரியே சட்டையை எடுத்து வைத்துவிட்டார்.

போன வருடம் இதே மாதிரி வேறொரு மைதானத்துக்குப் போய் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். "பர்மிஷன் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த முறை கல்லூரி மைதானம். வாசலில் இருந்த காவலர் அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, மாமாவின் காலைப் பார்த்தாரோ என்னவோ, "ஓரமா வேலிகிட்ட நின்னு பாருங்க, போட்டோ எடுக்கக் கூடாது" என்று உள்ளே விட்டார். நான் போனைப் பைக்குள் போட்டவன் வெளியே எடுக்கவே இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், இரண்டு மணி நேரமும் கண்ணால் மட்டும் பார்த்தேன்.

முதலில் யார் யார் என்றே தெரியவில்லை. மேட்ச் நாளில் முதுகில் பெயர் இருக்கும், எண் இருக்கும், ஸ்டேடியத்தில் அறிவிப்பு வரும். இங்கே எல்லோருக்கும் ஒரே சாயம்போன பயிற்சி பனியன், மேலே அணி பிரித்துக் காட்டும் கையில்லாத மேலாடையான பிப், ஆரஞ்சு அல்லது பச்சை, சிலருக்கு மட்டும் உள்ளே மார்பை இறுக்கிப் பிடிக்கும் கறுப்புக் குட்டைப் பனியன். அதன் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக ஏதோ புடைத்திருக்கும், அதுதான் ஜிபிஎஸ் கருவி. எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எத்தனை முறை முழு வேகத்தில் பாய்ந்தார், எத்தனை முறை சட்டென்று நின்றார் என்று எல்லாமே அதில் பதிவாகும். நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். "மூஞ்சியப் பாக்காத மாப்ள, நடையப் பாரு" என்றார் மாமா. பத்து நிமிடத்தில் அது பிடிபட்டது. சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர், ஓடும்போது தோள் அசையவே அசையாது. விங்கில் ஆடுகிறவன் சும்மா தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூடக் குதிகாலைத் தரையில் வைப்பதில்லை.

ஆரம்பம் யோ-யோ, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் ஓட்டச் சோதனை. கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் அதே சோதனைதான், ஆனால் அதை உருவாக்கியது டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ, அவர் யோசித்தது கால்பந்தை மனதில் வைத்து. 20 மீட்டர் ஓடி, திரும்பி 20 மீட்டர் வர வேண்டும், அப்புறம் 10 விநாடி நடை, மறுபடி பீப். தொடக்க வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான், தெருவில் யாரும் ஓடக்கூடிய வேகம். பிறகு பீப்புகளுக்கு இடையில் உள்ள நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். பீப்புக்குள் இரண்டு முறை கோட்டைத் தொடவில்லை என்றால் வெளியே.

டிவியில் இதைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் சேனல் மாற்றியிருப்பேன். நேரில் வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. முதலில் இரண்டு பேர் விழுந்தார்கள், பிறகு நாலைந்து பேர் ஒரே நேரத்தில். கடைசியில் மூன்று பேர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது, வெளியே வந்து புல்லில் கவிழ்ந்து கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து கோட்டோரம் வந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் கை தட்ட ஆரம்பித்தார்கள். அந்த மூவரில் ஒருவன் மிக இளையவன், ரிசர்வ் அணியிலிருந்து வந்திருக்க வேண்டும். அவன் முதல் முறை கோட்டைத் தவறவிட்டதும் பக்கத்தில் ஓடிய சீனியர் அவன் முதுகில் கை வைத்து ஏதோ சொன்னார், அடுத்த இரண்டு சுற்று இருவரும் தோளோடு தோள் ஒட்டி ஓடினார்கள்.

எனக்கு அப்போது 2015 ஐஎஸ்எல் இறுதிப்போட்டிதான் ஞாபகம் வந்தது. அந்த டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் கிடந்தது, அரையிறுதியின் நம் ஊர் ஆட்டத்தையே புனேவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்து, அதன் பலத்தில் கோவாவுக்குப் போய், இறுதியில் 87ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கினோம். 90ஆவது நிமிடத்தில் சமம், அதற்கடுத்த ஓரிரு நிமிடத்தில் மென்டோசா அடித்த கோல், 3-2, முதல் கோப்பை. மென்டோசாவின் அந்தக் கோலை நூறு முறையாவது பார்த்திருப்பேன். 92ஆவது நிமிடத்தில் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் பாய்வதற்குக் காலில் மிச்சம் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

சென்னை வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் காலை ஏழு மணிக்கு வெயில் பிரச்சினையே இல்லை, புழுக்கம்தான் பிரச்சினை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஈரக் காற்றில் அது காயாது, அப்படியே வழிந்து சொட்டும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடைவேளையிலும் காலுறையைக் கழற்றிப் பிழிந்தார்கள். மைதான ஓரத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள், ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளியே போயிருக்கிறது என்று கணக்கு, அடுத்த சில மணி நேரத்தில் அதைவிடக் கூடுதலாகவே குடித்து ஈடுகட்ட வேண்டும், வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். மாமா காலத்தில் மெரினா மணலில் ஓடிவிட்டு வருகிறவர்களுக்குப் பயிற்சி முடியும்வரை தண்ணீரே தர மாட்டார்களாம், குடித்தால் வயிறு இழுக்கும் என்று. அதைச் சொல்லும்போது அவர் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ரோண்டோ. பெயர் பெரிதாக இருக்கிறது, நாம் தெருவில் நடுவே ஒருவனை நிறுத்தி அவனுக்குப் பந்து கிடைக்காமல் சுற்றி நின்று தள்ளி விளையாடுவோமே, அதேதான். ஆறு பேர் வட்டமாக, இரண்டு பேர் உள்ளே, ஒரே டச். ஆனால் இந்த வேகத்தில் நான் பார்த்ததில்லை. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே கழுத்து இரண்டு பக்கமும் திரும்பிவிடுகிறது, எங்கே அனுப்பப் போகிறோம் என்று முடிவாகிவிட்ட பிறகுதான் பந்தே வந்து சேருகிறது. மேட்ச்சில் மிட்ஃபீல்டர் ஒருவர் பந்தைச் சட்டென்று விட்டுவிட்டால் "வெச்சு ஆடுடா" என்று கத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இனி கத்த மாட்டேன்.

சத்தம் இன்னொரு விஷயம். ஸ்டேடியத்தில் பி ஸ்டாண்டில் நின்றால் டிரம்ஸும் பாட்டும்தான் கேட்கும், அதுதான் வேண்டும், அதற்காகத்தான் போகிறோம். இங்கே ஆட்டக்காரர்களின் குரல் கேட்கிறது. மேன் ஆன், டைம், டர்ன், லெஃப்ட் ஷோல்டர். மணிப்பூர்க்காரர், மிசோரம்காரர், கேரளாக்காரர், வெளிநாட்டுக்காரர், நம்ம ஊர்ப் பையன் என்று ஐந்தாறு தாய்மொழி உள்ள கூட்டம், பத்துப் பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மொழியே செய்துவிட்டார்கள். அதில் அதிகம் கத்தியது கீப்பர்தான். பந்து எதிர் முனையில் இருக்கும்போதுகூட அவர் வாய் ஓயவில்லை, பேக் லைனை, அதாவது தடுப்பாட்டக்காரர்களின் வரிசையை, கயிறு கட்டி இழுக்கிற மாதிரி முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். "அவன் வாய மூடினா கோல் விழும்" என்றார் மாமா. அப்படியே ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, களைப்பில் அவர் ஒரு நிமிடம் அமைதியான அதே நேரத்தில் பின்னால் ஒரு ஓட்டத்தை யாரும் கவனிக்கவில்லை, பச்சை பிப் அணிக்கு கோல்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கார்னர், மைதான மூலையிலிருந்து பந்தை கோல் பக்கம் அடிப்பது. ஒரே கார்னரை இருபது முறைக்கு மேல் எடுத்தார்கள், நான் எண்ணினேன். பந்தை வைக்கிறவர் கையைத் தூக்குகிறார், ஒருவர் ஃபர்ஸ்ட் போஸ்ட்டுக்கு ஓடி ஆளை இழுக்கிறார், இன்னொருவர் கீப்பர் முன்னால் நின்று வழியை அடைக்கிறார், உயரமான சென்டர் பேக் பெட்டிக்கு வெளியிலிருந்து வளைந்து ஓடி வருகிறார். முதல் எட்டு முறை எதுவும் சரியாக வரவில்லை, ஒரு முறை ஓட்டம் சீக்கிரம், ஒரு முறை பந்து தாழ்வு. கோச் ஒவ்வொரு முறையும் விசில் ஊதி, கத்தாமல், அந்த சென்டர் பேக்கின் தோளைப் பிடித்து ஓர் அடி பின்னால் நகர்த்தி வைத்தார். ஓர் அடிதான். ஒன்பதாவது முறை நெற்றியில் பட்டு வலைக்குள் போனது.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூரு எஃப்சியோடு ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர்களின் சுனில் சேத்ரி தலையால் கோல் அடித்துவிட்டார், ஸ்டேடியம் முழுக்க நீலம், ஆனால் நம் நீலம் இல்லை. அங்கிருந்து நம்மை மேலே கொண்டுவந்தது இரண்டு கார்னர். இரண்டையும் எடுத்தது கிரெகரி நெல்சன், இரண்டையும் தலையால் முடித்தது மைல்சன் ஆல்வெஸ், 17ஆவது நிமிடத்தில் ஒன்று, 45ஆவது நிமிடத்தில் ஒன்று. அப்புறம் ரஃபேல் அகஸ்டோ. 3-2, இரண்டாவது கோப்பை. அன்று அதை மைல்சனின் மேதைமை என்று மட்டுமே நினைத்தேன். இப்போது அந்த வீடியோவைப் பார்த்தால், ஏதோ ஒரு மைதானத்தில் யாரும் பார்க்காத ஒரு காலையில் யாரோ அவரை ஓர் அடி பின்னால் நகர்த்தி நிற்க வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இதனால்தான் கேட்கிறேன், இதை ஏன் மூடி வைக்க வேண்டும்? எல்லா நாளும் திறக்கச் சொல்லவில்லை, எதிரணிக்குத் தெரியக் கூடாத விஷயங்கள் இருக்கும், அது சரிதான். வழக்கமாக செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஐஎஸ்எல் தொடங்கும், அதற்கு முன் டூரண்ட் கோப்பை, அதற்கும் முன் வாரக்கணக்கில் இந்தப் பயிற்சி. அதில் வாரம் ஒரு காலை, வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் இரண்டு வேன் நிறையப் பிள்ளைகளை அழைத்துவந்து வேலியோரம் உட்கார வைத்தால் போதும். வியாசர்பாடிப் பையன்களுக்குக் கால் வேலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சிமென்ட் தரையில் வெறுங்காலில் ஆடிக் கற்றதே மலையளவு இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காதது இந்த எடை மெஷினும், அந்த ஓர் அடியும், பந்து வருவதற்கு முன் கழுத்தைத் திருப்புவதும்தான். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது, ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். டிக்கெட் விற்பதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். இந்தக் காலையைப் பார்த்தவன் மழை பெய்தாலும் பெரியமேடு ஸ்டேடியத்துக்கு வருவான்.

பயிற்சி முழுக்க மைதானத்தின் தூர மூலையில் ஒருவர் தனியாக இருந்தார். நான் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன், மாமா வந்ததிலிருந்தே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். முட்டியில் கறுப்புப் பட்டை. கூடவே பிசியோ. நேராக ஓடுவார், நிற்பார், திரும்பி நடப்பார். அவ்வளவுதான், ஒன்றரை மணி நேரமாக. மற்றவர்கள் சிரிக்கும்போது ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பினார், அப்புறம் மறுபடி, அடையாளத்துக்கு வைத்த பிளாஸ்டிக் கோனைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

தனபால் கணேஷைப் பற்றி மாமா பேச ஆரம்பித்தார். வியாசர்பாடிப் பையன், 2018 கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தில் நின்றவன், அடுத்த சீசன் முட்டிக் காயத்தால் போயிற்று. நம்ம பக்கத்துத் தெருப் பையன் மாதிரி அவனை டிவியில் பார்த்த அந்த வருடம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மேட்ச் பார்த்தோம், அம்மா உட்பட. அவன் இல்லாத அந்த அடுத்த வருடத்தில் அவனும் இப்படித்தானே ஏதோ ஒரு மூலையில் கோனுக்குக் கோன் ஓடியிருப்பான் என்றார். தனக்கு முட்டி போனபோது பிசியோவும் இல்லை, மூலையும் இல்லை, அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தார்கள் என்றும் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை அவர் வாயால் கேட்டது அன்றுதான்.

எட்டரைக்கு எல்லோரும் முடித்து, கோன்களைப் பொறுக்கி, ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். காவலர் எங்களைப் பார்த்து மணி ஆயிற்று என்று கையைக் காட்டினார். அப்போது பிசியோ ஒரு பந்தை எடுத்து, ஐந்தடி தூரத்திலிருந்து மெதுவாக அந்தத் தனி ஆளிடம் உருட்டினார். அவர் உள்பாதத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். மறுபடி. மறுபடி. வலது காலில் பத்து, இடது காலில் பத்து.

"இருபது முடியட்டும்" என்றார் மாமா, வேலிக் கம்பியைப் பிடித்தபடி. நான் காவலரிடம் இன்னும் ரெண்டே நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.