திருக்கல்லறை ஆலயத்தில் ஒரு விசுவாசியின் கேள்விகள்

எருசலேம் பழைய நகரின் குறுகிய தெருக்களைக் கடந்து திருக்கல்லறை ஆலயத்தின் குவிமாடத்தின் கீழ் நிற்கும்போது, 1810-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட சிறிய மண்டபம் ஒன்று நடுவே தெரிகிறது. ஆண்டவரின் கல்லறையாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் பாறை அதற்குள்தான் இருக்கிறது. வரிசை மெல்ல நகர்ந்து, வானதூதர் சிற்றாலயத்தைத் தாண்டி, நன்றாகக் குனிந்தால் மட்டுமே நுழையக்கூடிய வாயிலுக்குள் எங்களைக் கொண்டு சேர்த்தது. வலப்புறம் இருந்த சலவைக்கல் பலகை, எண்ணற்ற கைகளும் உதடுகளும் பட்டு வழவழப்பாகியிருந்தது. அதில் நெற்றியை வைத்து வேண்டினேன். பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டு விரைவிலேயே எழ வேண்டியிருந்தது.

2016 அக்டோபரில், ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வல்லுநர்களின் சீரமைப்புப் பணியின்போது, இந்தப் பலகை அகற்றப்பட்டது. அதற்கும் கீழே, சிலுவை செதுக்கப்பட்ட இன்னொரு பழைய கல் இருந்தது. அதைப் பாறையோடு பிணைத்திருந்த சாந்தின் துகள்கள் கடைசியாக எப்போது ஒளியைக் கண்டன என்று அளந்தபோது, ஏறத்தாழ கி.பி. 345 என்று தெரியவந்தது. அதாவது, இங்கே முதல் ஆலயம் எழுந்த, உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் காலத்தை ஒட்டிய ஆண்டு. இந்தச் செய்தி எனக்குப் பெரும் மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், நான்காம் நூற்றாண்டு மக்கள் இவ்விடத்தைப் போற்றினார்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை எந்தச் சாந்தும் சொல்லாது.

இறந்தவர் எழுவதில்லை என்பது அறிவியல் வளர்ந்த பிறகு மனிதர் கண்டுபிடித்த செய்தியும் இல்லை. யோவான் நற்செய்தியில், கல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்ட மகதலா மரியா, யாரோ உடலை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்றே முதலில் எண்ணுகிறார். லூக்காவில், பெண்கள் சொன்னது திருத்தூதர்களுக்கே பிதற்றலாகத் தோன்றுகிறது. திருத்தூதர் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியபோது ஏதென்ஸ் மக்களில் சிலர் கேலி செய்தார்கள். ஐயத்தை மறைக்காமல் எழுதிவைத்த இந்தப் பக்கங்களை நான் அதனாலேயே கூடுதலாக மதிக்கிறேன்.

இயற்கை வழக்கமாக எப்படி இயங்குகிறது என்பதை அறிவியல் சொல்கிறது; அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த இயற்கையைப் படைத்தவர் ஒருமுறை செயல்பட்டாரா என்பதை, மீண்டும் நிகழ்த்திப் பார்க்க இயலாத நிலையில், சாட்சிகளை எடைபோட்டே சிந்திக்க வேண்டியிருக்கிறது. துயரத்தில் சீடர்கள் கண்ட மனக்காட்சியே உயிர்த்தெழுதல் என்னும் விளக்கத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எனினும் பவுல் துயரப்பட்டவர் அல்லர், திருச்சபையைத் துன்புறுத்தியவர். அவர் கி.பி. 50-களில் கொரிந்தியருக்கு எழுதியபோது, உயிர்த்த இயேசுவை ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் கண்டதாகவும் அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் கூறி, தாமும் கண்டதாகச் சேர்த்துக்கொள்கிறார். அந்த மனிதரின் வார்த்தையை நான் நம்புகிறேன்.