இரண்டாவது ஆர்சி விமானம்: தாழ் இறக்கைக்கு மாறியபோது

ஆர்சி என்றால் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம். முதல் விமானம் மேல் இறக்கை, மூன்று சேனல் (தனித்தனியாக இயக்கும் கட்டுப்பாடுகள்). தடுமாறினால் ஸ்டிக்கை விட்டுவிட்டால் போதும், தானே நிமிர்ந்துவிடும். ஏலிரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அசையும் தகடு) உள்ள தாழ் இறக்கை விமானம் அப்படி இல்லை. சாய்த்த கோணத்திலேயே போய்க்கொண்டிருக்கும். நிமிர்த்துவதும் நம் வேலைதான். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்ற பழைய போர் விமானங்களின் மாதிரிகள் மேல் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் குறுகிய நுனியும் கூடுதல் எடையும் சேர்ந்தால், மெதுவான திருப்பத்தில் இறக்கை நுனி முதலில் ஸ்டால் ஆகி (தூக்குவிசை இழந்து), விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு விழும். அவை மூன்றாவதாக இருக்கட்டும்.

எடுத்தது நான்கு சேனல் ஃபோம் விமானம். இறக்கை நீளம் 1.2 மீட்டர், நுனிவரை ஒரே அகலம், பேட்டரியோடு எடை 1200 கிராம். பரப்பு 26 சதுர டெசிமீட்டர். அதாவது சதுர டெசிமீட்டருக்கு சுமார் 46 கிராம். வாங்கும்முன் பார்க்க வேண்டிய எண் இதுதான், பெட்டி மேல் இருக்கும் படம் இல்லை. 3 செல் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 40 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தி). முழு த்ராட்டிலில் (மோட்டார் முழு வேகத்தில்) வாட்மீட்டர் காட்டியது 28 ஆம்பியர். ப்ரொப்பல்லரை ஒரு அங்குலம் பெரிதாக்கினாலே இது சட்டென்று ஏறும், அளக்காமல் மாற்றக் கூடாது.

இறக்கை அகலம் சுமார் 217 மி.மீ. ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 61 முதல் 65 மி.மீ.க்குள். முதல் பறப்புக்கு 61. மூக்கு கனத்தால் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் பெரும்பாலும் அன்றோடு சரி.

ஏலிரான் அசைவு மேலே 12, கீழே 8 மி.மீ. இரண்டும் சமமாக இருந்தால், ஏலிரான் கீழிறங்கும் இறக்கையில் இழுவை கூடி, மூக்கு திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம். இதில் ஒரு கண்ணி: மென்மையாக்க ஸ்பெக்ட்ரம் ரிமோட்டில் கூட்டல் குறி, ஃபியூட்டாபாவில் கழித்தல் குறி. மாற்றிப் போட்டால் நடுவிலேயே துள்ளும். ஒவ்வொரு முறையும் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்புறம் தள்ளிப் பார்க்கவும்; வலது ஏலிரான் மேலே எழ வேண்டும். ஏலிரான் தலைகீழாக இருந்தால், கிளம்பிய சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் பேட்டரி முழுக்க ட்ரிம்முக்கும் (ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கச் சரிசெய்வது) பெரிய எட்டு போடுவதற்கும் போனது. இரண்டாவதில், 50 மீட்டர் உயரத்தில் த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) மெல்ல இழுத்து ஸ்டால் பார்த்தாயிற்று. மூக்கு நேராகச் சரிந்தது, புரளவில்லை. திருப்பத்தில் கணக்கு வேறு: 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடும். இறங்க வரும் கடைசித் திருப்பத்தில் இழுத்துப் பிடிப்பவர்கள் விழுவது இதனால்தான்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் நிமிரும்.

இறக்கத்தில் த்ராட்டிலை முழுதாக மூடியதும் சட்டென்று கீழே போனது. அடுத்த தடவை கால்வாசி வைத்துக்கொண்டு வந்து, தரைக்கு ஒரு அடி மேலே மூடியதும் சக்கரம் மெதுவாகத் தொட்டது. டைமர் 6 நிமிடம். இறக்கியபின் செல்லுக்கு 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அடுத்த பறப்புக்கு அரை நிமிடம் குறைக்க வேண்டும்.