முதல் சோடி கறுப்பு டெர்பியாக இருக்கட்டும்

ஆண்களின் சப்பாத்தில் மூக்குத்தான் முதலில் பழசாகும். நீட்டி இழுத்த கூர்மூக்கும் சதுரமூக்கும் கொஞ்சக் காலம் கடைக் கண்ணாடியை நிறைத்துவிட்டு, பிறகு கல்யாண அல்பத்தில் மட்டும் பல்லிளிக்கும். மெல்லிய உருண்டை மூக்கு எந்தக் காலத்திலும் உறுத்தியதில்லை. பெருவிரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 செ.மீ. இடம் போதும். குதி 2.5 செ.மீ. அளவில் இருக்கட்டும். உலோகக் கொக்கி, வேறு நிறத் தையல், ஓரம் கருக்கிவிட்ட மண்ணிறம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். முதல் சோடி கறுப்பு, அடுத்தது கடும் பிறவுண்.

லேஸ் சப்பாத்தில் ஒக்ஸ்போர்ட்டா, டெர்பியா? லேஸ் ஓட்டை உள்ள இரண்டு மடல்களும் முன்தோலுக்கு அடியில் தைபட்டிருந்தால் ஒக்ஸ்போர்ட். மேலே தைபட்டு, கதவு போல விரியுமானால் டெர்பி. கோட் சூட்டுக்கு ஒக்ஸ்போர்ட்தான் எடுப்பு, மறுக்கவில்லை. ஆனால் வருஷம் முழுக்கச் செருப்போடு திரிந்து அகன்ற பாதத்துக்கு டெர்பிதான் இடம் கொடுக்கும். ஒக்ஸ்போர்ட்டே வேண்டுமென்றால், லேஸை இறுக்கிக் கட்டியபின் மடல்களுக்கு நடுவே சுமார் 1 செ.மீ. இடைவெளி தெரிய வேண்டும். புதிதிலேயே ஒட்டிக்கொண்டால், தோல் நெகிழ்ந்தபின் இறுக்க வழியில்லை. பகல் வெயிலில் கால் வீங்கும், ஆகவே பின்னேரத்தில், போடப்போகும் மேஸோடு போய் அளவு பாருங்கள்.

இனி சப்பாத்தின் அடி. திருகோணமலையில் சப்பாத்து சாவது பெரும்பாலும் இங்கேதான். வேலைக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று வாங்கி, விசேஷச் சோடியைப் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவோம். மூன்று நான்கு வருஷம் கழித்து எடுத்தால் மேல்தோல் புதுசு. கோயில் வீதியில் பத்தடி நடந்ததும் அடி கறுப்புத் தூளாக உதிரும். அது பொலியூரித்தேன் (பி.யூ.) என்ற பிளாஸ்டிக் அடி. காற்றின் ஈரம் அதன் இரசாயனப் பிணைப்பையே உடைக்கிறது, போடாமல் வைத்திருந்தாலும் உடைக்கும். பசை வைத்தாலும் நிற்காது, தைத்தால் நூலே அதை அறுத்துவிடும். கையில் தூக்கும்போது ஆளை ஏமாற்றும் அளவுக்கு இலேசாக இருந்தாலோ, அடியில் பி.யூ. என்று பதித்திருந்தாலோ நீண்ட காலத்துக்கு நம்ப வேண்டாம். றப்பர் அடி கொஞ்சம் பாரம், ஆனால் அப்படி உதிராது. ஈரச் சிமெந்தில் தோல் அடியைவிட வழுக்கலும் குறைவு.

ஓரத்தில் தையல் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பல சப்பாத்துகளில் அது வெறும் அலங்காரம். திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கத்துப் பள்ளத்தில் நூல் ஓடினால் அநேகமாக உண்மைத் தையல். வெறும் பசை ஒட்டு, றப்பர் அடி என்றால், புதிதிலேயே சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம்.

தோலைப் பெருவிரலால் அழுத்துங்கள். நுண்ணிய சுருக்கம் பரவி, விட்டதும் மறைந்தால் நல்லது. லேஸுக்கு அடியிலுள்ள நாக்கின் வெட்டு ஓரத்தில் துணி தெரிந்தால் அது றெக்சின் என்ற செயற்கைத் தோல், மடியும் இடத்தில் உரியும்.

கோயிலிலும் வீட்டு வாசலிலும் கழற்றிப் போடும் ஊர் இது. லேஸை அவிழ்க்காமல் குதியை மிதித்து நுழைப்பதால்தான் பின்சுவர் நொறுங்குகிறது. சப்பாத்துக் கரண்டி இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கரண்டியின் வளைந்த பின்புறமே போதும். அடிக்கடி கழற்றுபவர் லேஸ் இல்லாத லோபர் வாங்கலாம், ஆனால் வாங்கும்போது சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். நாளாக நாளாக அது தளரத்தான் செய்யும், இறுக்க லேஸ் கிடையாது.

மார்கழி மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள், தோல் விறைத்து வெடிக்கும். பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றி, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். பூஞ்சணம் பிடித்தாலோ கடற்கரை உப்பு வெள்ளையாகப் பூத்தாலோ வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, காய்ந்தபின் கிறீம் பொலிஷ் பூசுங்கள். பொலித்தீன் பைக்குள் மட்டும் கட்டி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது.