எண்ணைச் சேமித்துப் பெயரைக் காட்டும் கட்டம்

சிங்கப்பூரின் ஈசூனில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தின் நூல் இரவல் கணக்கை, லிப்ரெஆபிஸ் பேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் உறுப்பினர், நூல், இரவல் என மூன்று அட்டவணைகளாக அமைத்திருக்கிறேன். இரவல் அட்டவணையில் உறுப்பினர் எண், நூல் எண், தேதிகள் ஆகியவை மட்டுமே உண்டு. ஆகவே படிவத்தில், அதாவது தரவை உள்ளிடும் திரையில், இரவல்களை வரிசைகளாகக் காட்டும் கட்டத்தைத் திறந்தால் 14, 27 என்று வெறும் எண்களே வரிசையாக நின்றன. அருகிலிருந்த அக்கா ஒருவர், "யார் தம்பி இந்த 14?" என்று கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

இரவல் அட்டவணையிலேயே பெயருக்கும் ஒரு பத்தியைச் சேர்ப்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய வழி. செய்தும் பார்த்தேன். ஓர் உறுப்பினர் தம் பெயரின் எழுத்தைத் திருத்தச் சொன்னபோது, உறுப்பினர் அட்டவணையில் செய்த திருத்தம் இரவல் அட்டவணையை எட்டவேயில்லை. ஒரே மனிதர் இரண்டு பெயர்களில் நூல் வாங்கியவராகிவிட்டார்.

சரியான வழி, கட்டத்தில் உறுப்பினர் எண் பத்தியின் தலைப்பை வலச்சொடுக்கி, அதைப் பட்டியல் பெட்டியாக (ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக) மாற்றுவதாகும். பின்னர் அதன் பண்புகளில் பட்டியலின் வகையை எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் மொழி) என அமைத்து, உறுப்பினர் அட்டவணையிலிருந்து முதலில் பெயரையும் அடுத்து எண்ணையும் எடுக்கும் செலக்ட் வாக்கியத்தை எழுத வேண்டும். எந்தப் புலத்தின் மதிப்பைச் சேமிப்பது என்று சொல்லும் 'பவுண்ட் ஃபீல்டு' என்ற இடத்தில் 1 என்று இட வேண்டும். பேஸ் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் 1 என்பது இரண்டாவது புலம், அதாவது உறுப்பினர் எண். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், ஏனெனில் அங்கே இதே அமைப்பில் பத்திகளின் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்குகிறது. தோற்றத்தில் ஒத்திருக்கும் காம்போ பெட்டியைத் தேர்ந்துவிடாதீர்கள். பேஸில் அது எண்ணைச் சேமிக்காது, கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே சேமிக்கும்.

எங்கள் வட்டத்தில் ஒரே பெயரில் இருவர் இருப்பதால், பெயரோடு அவர்கள் குடியிருக்கும் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) எண்ணையும் செலக்ட் வாக்கியத்தில் இரு செங்குத்துக் கோடுகளால் (||) இணைத்துக் காட்டினேன். உடனே சிலர் பட்டியலிலிருந்து காணாமற்போனார்கள். புளோக் எண் தராதவர்களின் புலம் வெறுமையாக, அதாவது 'நல்' ஆக இருந்ததால், அதனோடு சேர்ந்த பெயரும் வெறுமையாகிவிட்டது. 'நல்' வந்தால் அதற்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் கோஅலெஸ் என்ற செயற்கூற்றால் அந்தப் புலத்தைச் சுற்றியதும் திரும்பி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் பட்டியலில் வராவிட்டால் பதற வேண்டாம், படிவக் கருவிப்பட்டையில் உள்ள, கட்டுப்பாட்டைப் புதுப்பிக்கும் ('ரிஃப்ரெஷ் கன்ட்ரோல்') பொத்தானை அழுத்தினால் போதும்.

அக்கா இப்போது தொலைபேசி எண்ணும் அதே வரிசையில் வேண்டும் என்கிறார். அதே உறுப்பினர் எண் புலத்தோடு பிணைத்த இன்னொரு பட்டியல் பெட்டிப் பத்தியைச் சேர்த்து, அதில் பெயருக்குப் பதில் தொலைபேசி எண்ணைக் காட்டி, யாரும் மாற்றிவிடாதபடி படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறேன்.