புளியரை ஏற்றம்

புளியரை எஸ் வளைவு ஏறும்போதே மச்சான் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு மறுபடி எரிந்தது. புது சைலன்சர் மாட்டியதிலிருந்து இதே கதை. கோளாறுப் பதிவை அழித்தால் போகும், கொஞ்சம் ஓடினால் வரும்.

செங்கோட்டை மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகினார். பி0420 என்று கோளாறு எண் வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லையாம்.

"புதுசு போடணுமா அண்ணாச்சி?"

பதிலே இல்லை. டார்ச்சோடு கீழே படுத்துவிட்டார்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்குச் சற்று முன்னால், பைப் இணைப்பில் மெல்லிய கரிக்கோடு. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. புகை கசிவதோடு வெளிக்காற்றும் உள்ளே போகும். சென்சார் அதை மோந்துவிட்டு கன்வெர்ட்டர் மேல் பழி போடுகிறது.

ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பார்த்ததுமே பெரிய பில் போடுகிற கடைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேஸ்கெட் மாற்றி ஆரியங்காவு வரை ஓட்டினோம். விளக்கு வரவில்லை. கார் கம்ப்யூட்டர் தன் சோதனையை முழுதாக முடிக்க இன்னும் ஓட வேண்டுமாம். சரி, அடுத்து புனலூர்!