சித்தி தேடிய மாளிகை

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்திறங்கிய சித்திக்கு மெர்லயன் சிலை வேண்டாமாம், முஸ்தபா கடைகூட அப்புறம்தானாம். 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் வரும் பாட்டியின் மாளிகையை முதலில் பார்த்தாக வேண்டும்.

"சித்தி, அது கெவின் குவான் 2013-ல் எழுதிய நாவலில் வருகிற வீடு. கதைப்படியே அது எந்த மேப்பிலும் அகப்படாது. 2018-ல் படமெடுத்தபோது கோலாலம்பூரில் கார்கோசா ஸ்ரீ நெகாரா என்ற பழைய பங்களாவைத்தான் காட்டினார்கள்."

"மேப்ல இல்லேன்னா நேர்லதான்டா போய்ப் பார்க்கணும்!"

இதற்கு என்ன பதில் சொல்வது? கிளம்பினோம்.

நாவலில் அந்த மாளிகையின் பெயர் டயர்சால் பார்க். டயர்சால் அவென்யூ என்ற சாலை நிஜமாகவே இருக்கிறது. இங்கே பெரியவர்கள் பூமலை என்று சொல்லும் பொட்டானிக் கார்டன்ஸை ஒட்டி. ஜொகூர் சுல்தானின் அரண்மனையும் அந்தப் பக்கம் இருந்ததுதான், 1905-ல் தீப்பிடித்து எரியும் வரை. இதைத் தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தேன். "பார்த்தியா, நெருங்கிட்டோம்!" என்று சித்தி நடையை எட்டிப் போட்டார். மரம், வேலி, மறுபடி மரம். கடைசியில் ஓர் உடும்பு குறுக்கே வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. சித்தி அதையும் படம் எடுத்துக்கொண்டார். பாட்டி வீட்டுக் காவலாம்.

அடுத்து சைம்ஸ். படத்தில் கல்யாணம் நடந்த பழைய தேவாலயம் இங்கேதான். உள்ளே எட்டிப் பார்க்கும்போதே சித்தி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தார். படத்தில் மணமகள் தண்ணீரில் நடந்து வருவாளே, அந்த ஞாபகம்! உள்ளே தரை காய்ந்து கிடந்தது. "தண்ணியை எப்போ விடுவாங்க?" என்று கேட்டார். நான் தூணைப் பார்த்தேன்.

சாயங்காலம் நியூட்டன் உணவங்காடி. படத்தில் சாத்தே என்னும் குச்சியில் சுட்ட இறைச்சியைச் சாப்பிட்ட அதே இடம்தான். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, சித்தி சைவம். பக்கத்து மேசைக்காரரிடம் அனுமதி வாங்கி அவர் சாத்தேயைப் படம் எடுத்துவிட்டுக் கரும்புச் சாறு குடித்தார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

சித்தி உறிஞ்சுகுழலை எடுத்து வைத்தார்.

"போன வருஷம் என்னைக் கோடிக்கரைக்கு இழுத்துட்டுப் போயி, பூங்குழலி படகு விட்ட இடம் எதுன்னு கேட்டது யாருடா?"

கல்கி கற்பனையில் பிறந்தவள் பூங்குழலி. அதெல்லாம் அன்று எனக்கும் தெரியும். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், "எந்த வீட்டுப் பொண்ணு தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டாரே, அதை வேறு சித்தி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

நான் எழுந்து இன்னொரு கரும்புச் சாறு வாங்கப் போனேன்.