செம்பனை சாய்ந்தபின் பின்பக்கத்துக்கு என்ன செடி?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இத்தனை வருஷமும் செம்பனைத் தோட்டம்தான், எண்ணெய்க்காக வளர்க்கிற பனை. போன வருஷம் மறுநடவுக்காக அவ்வளவையும் சாய்த்துவிட்டார்கள். 25 வருஷம் ஆனால் மரம் குலை வெட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடும், விளைச்சலும் இறங்கும், அதனால் தோட்டத்தின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் துணி காயப்போடப் போன அம்மா, வாளியோடு அப்படியே உள்ளே திரும்பிவிட்டார். அந்தப் பக்கம் குலை ஏற்றும் லோரிகள் போகும் செம்மண் சாலை, அதில் போகிற எல்லாருக்கும் எங்கள் குசினி வரை தெரிந்தது.

பார்வையைவிடப் பெரிய தொல்லை காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியற்காலையில் மலாக்கா நீரிணையிலிருந்து வரும் சுமத்ரா என்கிற பலத்த காற்று, மலேசியாவில் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் புதிதல்ல (ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டாலும் எங்கள் வாயில் பழையதுதான் வருகிறது). இத்தனை நாள் அதைச் செம்பனை வாங்கிக்கொண்டிருந்தது என்பதே, ஒரு விடியலில் பின்கட்டுத் தகரம் பிய்ந்து வாழைமேல் விழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சுவர் கட்டிவிடலாம் என்றார் மாமா. நான் வேண்டாம் என்றேன். காற்று கெட்டியான சுவரில் மோதினால் மேலே ஏறிக் குதித்து, சுவருக்கு இந்தப் பக்கம் சுழன்று அடிக்கும். இலையும் இடைவெளியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும் வேலியோ காற்றைச் சல்லடை மாதிரி சலித்து, வேகத்தைக் குறைத்து அனுப்பும். வேலியின் உயரத்தைப்போல் சுமார் 10 மடங்கு தூரம் வரை அந்த அடக்கம் தெரியும். எங்கள் வீடு எல்லையிலிருந்து 12 மீட்டர்தான், ஆக மூன்று மீட்டர் வேலி தாராளம்.

சரி, என்ன செடி? முதலில் எதை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஆல், அத்தி வகைகள் வேண்டவே வேண்டாம். சின்னச் செடியாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் அதன் வேர் கால்வாய்ச் சிமெண்டைத் தூக்கிப் பிளந்துவிட்டது. அரளியும் வேண்டாம், மாடு ஆடு சுற்றும் ஊரில் அத்தனை விஷமுள்ள செடியை எல்லையில் வைக்க எனக்கு மனசு வராது. கெமுனிங் பூ வாசமாக இருக்கும், வெட்டினால் நன்றாக அடர்ந்தும் வரும். ஆனால் எலுமிச்சையை வாட்டும் பசுமை நோயைப் பரப்புகிற பூச்சிக்கு அதுவும் ஒரு வீடு. எங்களிடம் இரண்டு எலுமிச்சை மரம் இருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

வைத்தது கெலாட் பாயா. நர்சரியில் ரெட் லிப் என்றாலும் கொடுப்பார்கள், நாவல் மரத்துக்குச் சொந்தம். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் செம்பு நிறத்தில் புதுக் கொழுந்து வரும், அதைப் பார்ப்பதற்காகவே வெட்டலாம். இரண்டு வரிசையாக, செடிக்குச் செடி இரண்டடி விட்டு, முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைச் செடி வருகிற மாதிரி நட்டோம். அக்டோபரில் நட்டதால் தண்ணீர் ஊற்றும் வேலையை மழையே பார்த்துக்கொண்டது. இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அப்போதுதான் அடியிலிருந்து கிளைக்கும். வெட்டும்போது அடி அகலமாக, மேல் குறுகலாக வெட்டுங்கள். மேல்பக்கம் குடை விரித்தால் கீழே வெயில் விழாமல் இலை கொட்டிப்போகும், அப்புறம் மறைக்க வேண்டிய இடம்தான் முதலில் திறந்துகொள்ளும்.

செடியடி மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்குச் செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் காலிக் குலையை வாங்கிப் போட்டேன். ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும், குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

காற்று நேராக அடிக்கும் மேற்கு மூலையில் மட்டும் வேலி மூங்கில். அது வளையும், சுலபத்தில் ஒடியாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், மூங்கிலைக் கணுவுக்கு ஒட்டி மேலாக வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் குழாயில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளரும். இந்த ஊரில் டிங்கியை நேரில் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

செம்பருத்தி வைக்கச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், லயத்து வீட்டில் அவர் வளர்ந்த வேலி அது. மாவுப்பூச்சி சுலபமாகப் பிடிக்கும், அதனால் வேலி முழுக்க வேண்டாம் என்று, கிழக்குக் கோடியில் பக்கத்து வீட்டு அக்காவோடு அவர் நின்று பேசும் இடத்தில் மட்டும் ஆறு குச்சி ஊன்றிக் கொடுத்தேன். அதை நெஞ்சுக்கு மேல் வளர விடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதம் ஒரு முறை அவரே கத்தரியோடு போய் வெட்டிவிட்டு வருகிறார்.